ஜவ்வாது மலையை ஓராண்டு முழுவதும் படமெடுக்க: எந்தப் பருவத்தில் எங்கே நிற்பது?

குடியாத்தத்தான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் குடியாத்தத்தைச் சேர்ந்தவன். வேலூரில் கணக்கெழுதும் வேலை பார்க்கிறேன். பழைய வடாற்காடு 1989இல் இரண்டு மாவட்டங்களாகவும், அவற்றுள் வேலூர் 2019இல் மேலும் மூன்றாகவும் பிரிந்துவிட்டன. மலைத்தொடர் மட்டும் பிரியாமல் கிடக்கிறது. எனவே ஜவ்வாது மலை, ஏலகிரி, அமிர்திக் காடு, மோர்தானா அணையை ஒட்டிய குன்றுகள் ஆகியவற்றை ஒரே தொகுப்பாகப் படமெடுக்க வேண்டும் என்பது என் விருப்பம். பருவம் மாறமாற மலையும் அதன்மேல் வானமும் எப்படி மாறுகின்றன என்பதை அந்தத் தொகுப்பு காட்ட வேண்டும்.

என்னிடம் கிராப் சென்சார் (முழு ஃபிலிம் சட்டகத்தைவிடச் சிறிய உணரி) கொண்ட பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்றும், 18-55 மி.மீ., 55-250 மி.மீ. ஆகிய இரண்டு லென்ஸ்களும், எடை குறைந்த ஒரு முக்காலியும் உள்ளன. ஞாயிற்றுக்கிழமைகளும் சில பண்டிகை விடுமுறைகளும்தான் கைவசம் இருக்கும் நாட்கள். நண்பர்களோ, "இந்த மொட்டைப் பாறையில் என்ன கிடைக்கப் போகிறது, ஊட்டிக்கோ வால்பாறைக்கோ போய்விட்டு வா" என்கிறார்கள். கோடையில் எடுத்த படங்களில் வானம் வெளுத்தும் மலை சாம்பல் பூத்தும் இருந்ததால் அவர்களுக்குச் சொல்ல என்னிடம் மறுமொழி இல்லை.

எந்தப் பருவத்தில் மலைக்கு எந்தப் பக்கம் நிற்க வேண்டும்? மாலை நேரத்து இடிமழையைப் படமாக்க வழி உண்டா? இந்த லென்ஸ்களைக் கொண்டு விலங்குகளையும் பறவைகளையும் எடுக்க முடியுமா? வனத்துறை அனுமதி எதற்கெல்லாம் தேவை? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மழைக்கணக்கன்

வணக்கம் நண்பரே. முதலில் ஊட்டிப் பேச்சை முடித்துவிடுவோம். நீலகிரியின் சோலைக்காடுகள் ஆண்டு முழுவதும் பசுமையாகவே இருப்பவை. நம்முடையவை பெரும்பாலும் இலையுதிர் காடுகள். தை மாதத்துக்குப் பிறகு இலை கொட்டி, பங்குனியில் பாறையும் கிளையுமாக நிற்கும் அதே சரிவு, நல்ல மழை இரண்டு பெய்துவிட்டால் சில வாரங்களுக்குள் அடையாளம் தெரியாமல் பச்சை கட்டிவிடுகிறது. பருவ மாற்றத்தைத்தான் காட்டப் போகிறீர்கள் என்றால், மாறாத மலையைவிட மாறுகின்ற மலையே உங்களுக்கு ஏற்றது.

அடுத்து, நிற்கும் இடத்தை மலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நம் பகுதி தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழைகளிலும் பங்கு பெறுகிறது. இவ்விரண்டும் எதிரெதிர்த் திசைகளிலிருந்து வருவதால், ஒன்றுக்குச் சரியாக இருக்கும் இடம் மற்றொன்றுக்குச் சரிவராது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று தன் மழையில் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே இறக்கிவிட்டு, ஈரம் குறைந்த காற்றாக நம்மிடம் வந்து சேர்கிறது. காலையெல்லாம் வெயில் காய்ந்து தரை சூடேறியபின், நண்பகல் தாண்டி ஜவ்வாது, ஏலகிரி, ஆந்திர எல்லைக் குன்றுகள் ஆகியவற்றின்மேல் மேகம் கூடாரமாக எழும்பத் தொடங்கும். மாலையில் அது இடிமழையாகி, மேற்கிலிருந்து வீசும் காற்றோடு கிழக்கு நோக்கி நகரும். இந்த நாட்களில் மலைக்குக் கிழக்கே, அதாவது வேலூர், காட்பாடிப் பக்கம் நின்று மேற்கே பார்த்தால், சாயும் சூரியன் மேகத்தின் பின்னால் இருக்க, மேக விளிம்பு மட்டும் ஒளி பெற்று, மலை நிழலுருவாக நிற்கும்.

பலரும் அதோடு கேமராவை மூடிவிடுகிறார்கள். ஆனால் மழை உங்களைக் கடந்து கிழக்கே போன பிறகுதான் அந்த மாலையின் சிறந்த அரைமணி நேரம் தொடங்குகிறது. மேற்கு வானம் திறந்து வெயில் பாய, கிழக்கே இன்னும் கரிய மேகம் நிற்கும். வேலூர்க் கோட்டைக்குக் கிழக்கே உள்ள குன்றுகளையும் அவற்றின் உச்சியில் இருக்கும் பழைய மலைக்கோட்டைச் சுவர்களையும் அந்த ஒளியில் பார்த்தவர்கள், இது நாள்தோறும் பேருந்தில் கடந்துபோகும் மலைதானா என்று கேட்பார்கள். வானவில்லும் அப்போது அந்தப் பக்கம்தான் தோன்றும். சூரியனுக்கு நேர் எதிர்ப்புள்ளியிலிருந்து 42 பாகை விலகி அது அமைவதால், சூரியன் 42 பாகைக்கு மேல் இருக்கும்வரை தரையிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. நம் ஊரில் அந்த மாதங்களில் பிற்பகல் மூன்றரை மணிக்குப் பிறகே அதற்கு வாய்ப்பு உண்டு. சூரியன் தாழத் தாழ வில் உயரும். 18 மி.மீ. லென்ஸில் முழு வில்லும் அடங்காது. ஒரு காலையும் அது ஊன்றி நிற்கும் குன்றையும் எடுத்தாலே போதும்.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் சென்னை ரேடார் படங்கள் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கின்றன. வேலூர் அதன் வீச்சுக்குள்தான் இருக்கிறது. மூன்று மணியளவில் எடுத்துப் பார்த்தால் மேகம் எங்கே முளைக்கிறது, எந்தத் திசையில் நகர்கிறது என்பது புரிந்துவிடும். இதைவிடச் சிறந்த படக்கருவி எதுவும் இல்லை என்பது என் கருத்து.

அக்டோபர் பாதிக்கு மேல் எல்லாம் தலைகீழாகிவிடும். வங்கக் கடலிலிருந்து வரும் வடகிழக்குக் காற்றில் மேகம் தாழ்ந்து பரவி மலையையே மூடிவிடுவதால், மழை நாளில் மலையைத் தேடிப் போகாதீர்கள். மழை ஓய்ந்த மறுநாள் போங்கள். தூசி முழுவதும் கழுவப்பட்டு, ஆண்டிலேயே தொலைவுக் காட்சி மிகத் தெளிவாக இருக்கும் நாட்கள் இரண்டு மழைகளுக்கு இடைப்பட்ட அந்த ஓரிரு நாட்கள்தான். அமிர்தி அருவி, ஜமுனாமரத்தூர் அருகிலுள்ள பீமன் அருவி, கானாறுகள், கோடி போகும் (நிறைந்து வழிந்தோடும்) ஏரிகள் என நீர் சார்ந்த படங்கள் எல்லாம் இந்தப் பருவத்துக்கே உரியவை. இதில் ஓர் எச்சரிக்கை அவசியம். மேலே மலையில் பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. வறண்ட கானாற்றில் தண்ணீர் திடீரென்றுதான் வரும். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதை நாம் எல்லோரும் பார்த்தோம். ஆற்றுக்குள் இறங்கி முக்காலி போடும் வேலை வேண்டாம்.

மார்கழியும் தையும் மூடுபனிக்கானவை. ஏரிகள் நிறைந்து தரை ஈரமாக இருந்து, இரவு வானம் மேகமின்றி, காற்றும் அசையாமல் இருந்தால், விடியற்காலையில் சமவெளி முழுவதும் பனி படிந்திருக்கும். அன்று மலைமேல் இருப்பவருக்குத்தான் வேலை. ஏலகிரிச் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில், வண்டியை ஓரங்கட்ட இடமுள்ள மேல் வளைவு ஒன்றில் நின்று பொன்னேரிப் பக்கம் பார்த்தால், குன்றுகளின் தலை மட்டும் வெளியே தெரியும். எட்டு மணிக்கெல்லாம் கலைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே கிளம்ப வேண்டும்.

சூரியன் எங்கே உதிக்கிறது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். நம் அட்சரேகையில் ஜூன் மாதச் சூரியோதயம் நேர்கிழக்குக்கு 24 பாகை வடக்கே நிகழ்கிறது. டிசம்பரில் அதே அளவு தெற்கே. ஆகவே இரண்டு குன்றுகளுக்கு நடுவே சூரியன் எழும் படம் வேண்டுமென்றால், அதற்கு ஆண்டில் இரண்டு சமயங்கள் மட்டுமே அமையும். இன்னொன்று, ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து நிழலே விழாது. அவ்விரு நாட்களுக்கும் இடையில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். ஒடுகத்தூர்ப் பக்கமிருந்து தெற்கே தெரியும் ஜவ்வாது மலையின் வடக்குச் சரிவு, மார்கழியில் பெரும்பாலும் நிழலில் கிடப்பதற்கும் ஆடியில் ஒளியோடு இருப்பதற்கும் இதுவே காரணம்.

கோடையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விடியலிலும் அந்தியிலும் மட்டும் எடுங்கள். மாசி, பங்குனியில் புரசு பூக்கும்; சித்திரையில் கொன்றை பூக்கும்.

கானாற்றோரம்

மழைக்கணக்கன் ஐயா சொன்னதோடு உடன்படுகிறேன். நான் மலையடிவாரத்தில் வசிப்பவன் என்பதால் காட்டையும் விலங்குகளையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பெரிய விலங்குகளை மனத்தில் வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். கரடியும் சிறுத்தையும் இந்தக் காடுகளில் உண்டு. ஆனால் இது சபாரி வண்டி ஓடும் காடு அன்று. கால்நடையாகப் போகும்போது கரடியின் எதிரில் அகப்படுபவருக்குக் கேமராவை எடுக்கும் நினைப்பே வராது. மோர்தானா, பேரணாம்பட்டுப் பக்கம் யானைகள் வருகின்றன. 1980களில் ஓசூர்ப் பக்கத்துக் காடுகளிலிருந்து இடம்பெயர்ந்து சித்தூர் மாவட்டத்தில் தங்கிவிட்ட யானைகளின் வழி வந்தவை அவை. அவற்றுக்காகவே ஆந்திர அரசு 1990இல் கௌண்டின்யா சரணாலயத்தை அறிவித்தது. மாநில எல்லை யானைக்குத் தெரியாது என்பதால், மாந்தோப்பும் நெல்லும் இருக்கும் குடியாத்தம் பக்கத்துக் கிராமங்களுக்குள் இறங்கிவிடுகின்றன. குடியாத்தத்துக்காரரான உங்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. இரவெல்லாம் கண்விழித்துப் பயிரைக் காக்கும் விவசாயியும் யானையைத் திருப்ப முயலும் வனப் பணியாளரும் இருக்கும் இடத்தில், விளக்கும் கேமராவுமாக ஒரு கூட்டம் போய் நிற்பது யாருக்கும் நல்லதன்று. யானை வந்துவிட்டது என்று கேள்விப்பட்டால், அந்தத் திசைக்குப் போகாமல் இருப்பதே நீங்கள் செய்யக்கூடிய உதவி.

பறவைகளும் வண்ணத்துப்பூச்சிகளும் வேறு கதை. உங்கள் 55-250 மி.மீ. லென்ஸ் கிராப் சென்சாரில் ஏறத்தாழ 400 மி.மீ. அளவுக்குக் காட்சியை நெருக்கிக் காட்டும். பொறுமையோடு உட்காருபவருக்கு அது போதுமானது. பறவையைத் துரத்திப் போகாமல், கோடையில் தண்ணீர் தேங்கியிருக்கும் குட்டை ஒன்றின் எதிரே, சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி காலை ஆறு மணிக்கு அமர்ந்துவிட்டால், அவை தாமாகவே வரும். அக்டோபர், நவம்பரில் வலசை வரும் ஆறுமணிக் குருவியை அந்தியில் அதன் குரலைக் கொண்டே கண்டுபிடிக்கலாம். அரசவால் ஈப்பிடிப்பான் மூங்கிலும் நிழலும் உள்ள ஓடைகளில் நடமாடும். பாறையும் புதரும் கலந்த சரிவுகளில், தென்னிந்தியக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத மஞ்சள் தொண்டைச் சின்னானைத் தேடிப் பாருங்கள். ஊட்டிக்குப் போகச் சொல்லும் உங்கள் நண்பர்களுக்கு அந்த ஒரு பறவையே தக்க மறுமொழி என்று நான் கருதுகிறேன்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, செப்டம்பர், அக்டோபரில், வரியன் வகை வண்ணத்துப்பூச்சிகள் கிழக்குத் தொடர்ச்சி மலையிலிருந்து மேற்கு நோக்கிக் கூட்டமாகப் பறந்து போகும். கிலுகிலுப்பைச் செடியின் காய்ந்த தண்டில் அவை மொய்த்துக்கொண்டிருக்கும்போது, மெதுவாக நெருங்கினால் கலையா. ஆண் பூச்சிகளுக்கு அந்தச் செடியிலுள்ள ஒருவகை வேதிப்பொருள் இனப்பெருக்கத்துக்குத் தேவைப்படுவதால், உங்களைக் கவனிக்க அவற்றுக்கு நேரமில்லை.

கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது, கூட்டுக்கு முன்னால் கிளையை வெட்டிவிட்டுப் படமெடுப்பது, குரங்குக்குத் தின்பண்டம் நீட்டுவது ஆகியவற்றைச் செய்துவிட்டு அந்தப் படங்களை இங்கே பதிவிடுபவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவற்றைப் பாராட்டாமல் இருங்கள்.

அனுமதியைப் பொறுத்தவரை, பொதுச் சாலை, ஊர், ஏரிக்கரை, மக்கள் வழக்கமாகச் செல்லும் கோயில் பாதை ஆகிய இடங்களிலிருந்து எடுக்கத் தடையில்லை. காப்புக்காட்டுக்குள் கால் வைப்பதற்கு மாவட்ட வன அலுவலரின் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் 1882ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படி அது குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறிகள் உயிரிழந்த பிறகு, மலையேற்றத்துக்கென்று தனி விதிகளும் வந்துவிட்டன. 2024இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மலையேற்றத் திட்டத்தில் ஏலகிரியின் சுவாமிமலைப் பாதையும் இருக்கிறது. இணையவழியில் பதிவு செய்து, வழிகாட்டியோடு போகலாம். கோடையில் தீ அபாயம் கருதி நிறுத்திவைப்பார்கள் என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். டிரோனைக் காப்புக்காட்டின்மேல் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். ஜவ்வாது மலைமேல் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். ஆடி, ஆவணியில் சாமை விளைந்திருக்கும் சரிவுகள் மிக அழகானவை. அந்த நிலம் ஒருவருடையது, அந்த வீட்டு வாசலில் நிற்பவர் ஒரு மனிதர் என்பதை மறவாமல், கேட்டுவிட்டு எடுங்கள். வேண்டாம் என்றால் வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இருட்டுக்காரன்

எல்லோரும் பகலைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். நான் இரவைச் சேர்த்துவிடுகிறேன், சுருக்கமாக.

காவலூரில் வைனு பாப்பு வானாய்வகம் அமைந்திருப்பது தற்செயல் அன்று. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில், நகர விளக்குகளிலிருந்து மலையும் காடும் மறைக்கும் இடமாகப் பார்த்துத்தான் 1960களில் அந்த இடத்தைத் தேர்ந்தார்கள், 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி செயல்பாட்டுக்கு வந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், திருப்பத்தூர் ஆகியவற்றின் வெளிச்சம் அங்கிருந்து வடக்கிலும் மேற்கிலும் தெரியும். பால்வீதியின் மையப்பகுதி உதிப்பதோ தென்கிழக்கில். ஆகவே கெட்ட வெளிச்சம் முதுகுப்பக்கம் போய்விடுகிறது.

மார்ச் நடுவில் நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குள் அந்த மையப்பகுதி அடிவானத்துக்கு மேல் வரும். ஏப்ரல் நடுவில் விடிவதற்கு முன் தெற்கே ஏறத்தாழ 48 பாகை உயரம் ஏறிவிடும். வட இந்தியாவிலிருந்து எடுப்பவர்களுக்கு இந்த உயரம் கிடைப்பதில்லை. ஜூன், ஜூலையில் இரவு முழுவதும் தெரிய வேண்டியது மேகத்தில் போய்விடும். எனவே மாசி முதல் சித்திரை வரை, அமாவாசையை ஒட்டிய நாட்களை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 18 மி.மீ. முனையில், துவாரத்தை முழுவதும் திறந்து, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 3200, 15 வினாடி என்று தொடங்கலாம். அந்த லென்ஸின் துவாரம் சிறியதாகையால் ஒரே படத்தில் இரைச்சல் (புள்ளிப்புள்ளியான கறை) தெரியும். அடுத்தடுத்துப் பல படங்கள் எடுத்துக் கணினியில் ஒன்றாக்கினால் குறைந்துவிடும். குவியத்தைத் தானியங்கியில் விடாமல், பிரகாசமான ஒரு விண்மீனைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் சரிசெய்யுங்கள்.

வானாய்வகத்தின் அருகே டார்ச் அடிப்பதும் வண்டியின் முகப்பு விளக்கை எரியவிட்டு நிற்பதும் அங்கே நடக்கும் ஆய்வைக் கெடுக்கும். ஆலங்காயத்திலிருந்து மேலேறும் சாலையும் காட்டுச் சாலைதான். இரவில் நடுவழியில் இறங்கி நிற்காமல், ஊருக்குள் தெரிந்தவர் நிலத்திலோ தங்கும் விடுதியின் மொட்டை மாடியிலோ எடுங்கள்.

குடியாத்தத்தான்

இவ்வளவு விரிவான மறுமொழிகளை நான் எதிர்பார்க்கவில்லை, அனைவருக்கும் நன்றி. மழைக்கணக்கன் ஐயாவிடம் ஒரு கேள்வி. இடிமழை மலைமேல்தான் உருவாகிறது என்றால், சுவாமிமலை உச்சிக்குச் சென்று மின்னலை அருகிலிருந்தே எடுத்தால் என்ன? மூடுபனியையும் கோடைப் புகைமூட்டத்தையும் எடுக்கும்போது எக்ஸ்போஷரை எப்படி வைப்பது என்றும் யாராவது சொல்ல வேண்டுகிறேன்.

மழைக்கணக்கன்

வேண்டவே வேண்டாம். மொட்டைப் பாறை உச்சியில் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே உயரமான பொருளாக நீங்களும் உங்கள் முக்காலியும் இருப்பீர்கள். மின்னலுக்கும் இடியோசைக்கும் இடைப்பட்ட வினாடிகளை மூன்றால் வகுத்தால் வருவது கிலோமீட்டர் கணக்கில் தொலைவு. அது பத்துக்குள் வந்துவிட்டால் கூரையுள்ள கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ இருக்க வேண்டும், கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் ஆகும்வரை வெளியே வரவும் கூடாது. மரத்தடி, ஏரிக்கரை, மொட்டை மாடி எதுவும் பாதுகாப்பன்று.

படத்தின் அழகுக்காகப் பார்த்தாலும் அருகில் இருப்பதில் பயனில்லை. மழையும் மேகமும் கண்ணை மறைத்துவிடும். இருபது, முப்பது கிலோமீட்டர் தள்ளியிருந்தால்தான் மேகத்தின் அடியிலிருந்து தலைவரை முழுவதும் தெரியும். மழை கிழக்கே கடந்துபோன பிறகு, இருட்டியதும், அதன் பின்புறத்தை எடுங்கள். ஐஎஸ்ஓ 100 அல்லது 200, துவாரம் எஃப் 8, ஷட்டர் 15 முதல் 20 வினாடி. தொலைவில் தெரியும் தெருவிளக்கு ஒன்றில் குவியத்தைச் சரிசெய்துவிட்டு, ஷட்டர் மூடியதும் மறுபடி திறக்கும்படி தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருந்தால், ஏதாவது ஒரு சட்டகத்தில் மின்னல் தானே வந்து விழும்.

பழைய ஸ்டுடியோக்காரர்

தம்பி, நான் ஃபிலிம் காலத்திலிருந்து வேலூரில் இந்தத் தொழிலில் இருந்தவன். மழைக்கணக்கன் சொல்லும் காற்றுக் கணக்கு முழுவதும் சரி. ஆனால் ரேடாரைப் பார்த்துக்கொண்டு மேகத்தைத் துரத்துவது நினைத்த மாலையில் கிளம்பக்கூடியவர்களுக்குத்தான் பொருந்தும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுமுறை உள்ளவர் வானிலையைத் தேர்ந்தெடுக்க முடியாது, இடத்தைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். வீட்டிலிருந்து அரைமணி நேரத்தில் போகக்கூடிய இரண்டு இடங்களை, ஒன்று மலை மேற்கே தெரியும்படியும் மற்றொன்று மலை கிழக்கே தெரியும்படியும் பிடித்துக்கொண்டு, மாதம் தவறாமல் அங்கேயே போய் நிற்பது உங்கள் எண்ணத்துக்கு ஏற்றது. முக்காலியின் கால்கள் ஊன்றும் இடத்தைக்கூட ஒரு கல்லால் அடையாளம் வைத்து, ஒரே குவியத்தூரத்தில் ஒரே சட்டகமாக எடுத்துவாருங்கள். பருவம் மாறுகிறது என்பதைப் பார்ப்பவருக்கு விளக்க வேண்டிய தேவையே இராது. மேக வேட்டையில் கிடைப்பது அதற்குமேல் வரும் கூடுதல் வருமானம்.

மூடுபனியைக் கேட்டீர்கள். கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுச் சாம்பலாக்கவே முயலும்; அதனால் வெண்மையான பனி அழுக்குச் சாம்பலாக வரும். எக்ஸ்போஷரை முக்கால் முதல் ஒன்றேகால் ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் இருமடங்கு ஒளி) கூட்டி வையுங்கள். ஒளி அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் வலது ஓரத்தில் முட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். பனிக்குள் கருமையான பொருள் ஒன்றாவது, ஒரு பனைமரமோ கோயில் கோபுரமோ, இருந்தால்தான் ஆழம் தெரியும்.

கோடைப் புகைமூட்டத்தை எதிர்த்துச் சண்டை போடாதீர்கள், அதையே படமாக்குங்கள். தூசியும் புகையும் சேர்ந்த காற்றில், ஒவ்வொரு மலைவரிசையும் தொலைவுக்கேற்ப மங்கிக்கொண்டே போகும். சூரியனை எதிரே வைத்துக்கொண்டு, 200 மி.மீ.க்கு மேல் இழுத்து எடுத்தால், ஐந்தாறு வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிவைத்த புடவை மடிப்புகளைப் போல வரும். வானத்தைச் சட்டகத்தில் அதிகம் சேர்க்காவிட்டால் அந்த வெளுப்பும் ஒரு குறையாகத் தெரியாது. கருப்பு வெள்ளையாக மாற்றினால் இன்னும் நன்றாக இருக்கும். பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் வாங்க நினைத்தால் வாங்குங்கள். ஆனால் அது சூரியனுக்குச் செங்குத்தான திசையில் பார்க்கும்போதுதான் முழுப் பலன் தரும், நேர் எதிரிலும் நேர் பின்னாலும் தராது. மழைக்குப் பின் இலையிலும் பாறையிலும் பளபளக்கும் ஈரத்தை அடக்குவதற்குத்தான் நம் மலையில் அது அதிகம் பயன்படும். கேமரா சுருக்காமல் பதியும் ரா கோப்பாகவே எடுங்கள். நண்பகலில் எடுக்காதீர்கள்; வெயிலூர் என்று நம்மை நாமே கேலி செய்துகொள்வது சும்மா இல்லை, சூடேறிய தரையிலிருந்து எழும் காற்று அலையலையாக நெளிந்து, எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸையும் மங்கலாக்கிவிடும்.

லென்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பையைப் பூட்டிப் பீரோவில் வைத்துவிட்டால் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடித்துவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், அது நிறம் மாறியதும் சூடாக்கி மறுபடி பயன்படுத்துங்கள். ஏசி காரிலிருந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுக்காமல், பையிலேயே கால்மணி நேரம் வெளிச்சூட்டுக்குப் பழகவிடுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடி முழுவதும் நீர் கோத்துக்கொள்ளும்.

குடியாத்தத்தான்

ஐயா சொன்னபடி இரண்டு இடங்களை முடிவு செய்துவிட்டேன். ஒன்று ஒடுகத்தூர் பக்கத்து ஏரிக்கரை. அங்கிருந்து மலை தெற்கிலும் தென்மேற்கிலும் தெரிகிறது. மற்றொன்று வேலூரில் நான் தங்கியிருக்கும் வீட்டின் மாடி. அங்கிருந்து கோட்டைக்குக் கிழக்கே உள்ள குன்றுகள் முழுவதும் தெரிகின்றன. அமிர்திக் காட்டுக்குள் மூன்றாவதாக ஓர் இடம் வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன்.

கானாற்றோரம்

அமிர்தியில் பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கும் பகுதிக்குள், அவர்கள் அனுமதிக்கும் நேரத்துக்குள் மட்டும்தான் நிற்க முடியும் என்பதால், விடியலும் அந்தியும் உங்களுக்குக் கிடைக்கா. மாதந்தோறும் ஒரே ஒளியில் எடுக்கும் வேலைக்கு அது சரிவராது. மழைக்காலத்தில் அருவிக்காக மட்டும் போய்வாருங்கள். ஏரிக்கரையில் கோடி போகும் இடத்தை விட்டுச் சற்று மேட்டில் உங்கள் கல்லை வையுங்கள். கார்த்திகையில் தண்ணீர் அந்தப் பாதையை அடைத்துவிட்டால், நான்கு மாதம் எடுத்த வரிசை அறுந்துபோகும். மாடியைப் பொறுத்தவரை, இடி முழங்கும்போது கீழே இறங்கிவிட்டு, ஓய்ந்தபின் ஏறுங்கள்.